அந்தக் கவுண்டரை மூடாதீர்கள்: நகர ரயில் நிர்வாகத்துக்கு ஒரு வெளியூர்ப் பயணியின் திறந்த மடல்

நகரத்தில் தூண்களின் மேல் ஓடும் உயர்மட்ட ரயிலை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இரண்டு முனை நிலையங்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் டிக்கெட் கவுண்டர்களை மூடப்போவதாகவும், பயணிகள் செயலியையோ தானியங்கி இயந்திரத்தையோ பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். நாங்கள் தங்கியிருந்த தெருவுக்குப் பக்கத்து நிலையத்தில், மூடப்போகிற அதே கவுண்டரின் கண்ணாடியில்தான் அது ஒட்டியிருந்தது. நான் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் ஊழியர், என் அம்மாவுக்காக ஒரு துண்டுத் தாளில் நிலையத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் முடிவு தவறு. அதை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் உங்கள் நகரத்தில் வசிப்பவள் அல்ல. உங்களிடம் மாதாந்திர அட்டை வாங்கியவள் அல்ல, உங்கள் நகரத்தில் எனக்கு ஓட்டும் கிடையாது. என் அக்கா அங்கே இருக்கிறாள். அவளுக்கு அறுவை சிகிச்சை என்றதும் நானும் அம்மாவும் வேறு நாட்டிலிருந்து புறப்பட்டு வந்தோம். 9 நாள் இருந்தோம். அறைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே தினமும் இரண்டு தடவை, சில நாள் நான்கு தடவை, உங்கள் ரயிலில்தான் போய் வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இல்லை நாங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெளியூர்ப் பயணி என்றால் உங்கள் விளம்பரப் பலகைகளில் கேமராவோடு சிரிக்கிற ஆள்தான் உங்கள் மனதில் வருகிறார் என்று நினைக்கிறேன். நான் அந்த 9 நாளில் பார்த்த வெளியூர்க்காரர்கள் வேறு மாதிரி. கையில் எக்ஸ்ரே உறையோடு நின்றவர்கள், நேர்முகத் தேர்வுக்கு வந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்த பையன், தேர்வு நுழைவுச் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்த பெண், வழக்குக் கட்டோடு வந்த ஒரு வயதான தம்பதி. இவர்கள் யாருக்கும் தாமதமாகப் போகும் வசதி கிடையாது. வழி தவறினால் அன்றைய காரியமே கெட்டுவிடும்.

முதல் நாள் காலையில் நடந்ததிலிருந்து சொல்கிறேன். நிலையத்துக்குள் நுழைந்ததும் நேராக இயந்திரத்திடம்தான் போனோம், ஏனென்றால் "விரைவாக டிக்கெட் பெற" என்று அம்புக்குறி அங்கேதான் காட்டியது. இயந்திரம் முதலில் எந்த வண்ணப் பாதை என்று கேட்டது. எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தோம். நிலையங்களின் பட்டியல் வந்தது, மருத்துவமனையின் பெயர் அதில் இல்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து திரை முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது, ஒருவர் பெருமூச்சு விட்டார், அம்மா என் கையைப் பிடித்து இழுத்து "வா, அவங்க எடுக்கட்டும்" என்றார். மறுபடி வரிசையின் கடைசியில் நின்று வந்து, பக்கத்திலிருந்தவரின் உதவியோடு பாதையைக் கண்டுபிடித்தால், என் வங்கி அட்டையை இயந்திரம் ஏற்கவில்லை. வெளிநாட்டு அட்டை. பணத்தாளைப் போட்டேன், மடிப்பு விழுந்திருந்ததால் நான்கு முறையும் வெளியே தள்ளியது. சரி, செயலியைப் பார்க்கலாம் என்று தரவிறக்கினேன். கைபேசி எண்ணைக் கேட்டது, உள்நாட்டு எண் இருந்தால்தான் ஓடிபி வரும் என்றது. என்னிடம் உள்நாட்டு எண் இல்லை. அத்தோடு அந்த வழியும் அடைபட்டது.

அப்புறம்தான் கவுண்டருக்குப் போனோம். அந்த ஊழியர் "எங்கே போக வேண்டும்?" என்று கேட்டார். மருத்துவமனையின் பெயரைச் சொன்னேன். அந்தப் பகுதியின் பெயரில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன, முதலாவதில் இறங்கினால் நீண்ட தூரம் நடக்க வேண்டும், இரண்டாவதில் இறங்குங்கள், அதுவே மருத்துவமனை வாசலுக்குப் பக்கம் என்றார். அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு, லிஃப்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் சொன்னார். ஒரு துண்டுத் தாளை எடுத்து நிலையத்தின் பெயரை உங்கள் ஊர் எழுத்தில் பெரிதாக எழுதி, கீழே 7 என்று போட்டு வட்டமிட்டு, "இங்கிருந்து ஏழாவது" என்று விரல்களைக் காட்டி அம்மாவிடம் கொடுத்தார். கடைசியாக என்னிடம் ஒன்று சொல்லி, அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கச் சொன்னார். கூட்டத்தில் இருவரும் பிரிந்துவிட்டால் பெரியவர் இறங்கின இடத்திலேயே நிற்க வேண்டும், எங்கும் போகக் கூடாது, தேடுகிறவர் நீங்கள்தான். இவ்வளவும் ஒன்றரை நிமிடம் கூட ஆகியிருக்காது.

உங்கள் அறிவிப்பில் "பெரும்பாலான பயணிகள் செயலிக்கு மாறிவிட்டதால்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாறியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கவுண்டரில் விற்பது டிக்கெட் மட்டும்தான் என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது அந்த வரியில் தெரிகிறது. செயலியும் இயந்திரமும் என்னிடம் நிலையத்தின் பெயரைக் கேட்கின்றன. வெளியூர்க்காரிக்கு நிலையத்தின் பெயர் தெரியாது, போக வேண்டிய இடம்தான் தெரியும். இடத்தை நிலையமாக மாற்றிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஊழியர் செய்த வேலை அதுதான், அது உங்கள் விற்பனைக் கணக்கில் எங்கேயும் பதிவாகியிருக்காது. இன்றைக்குக் கவுண்டரில் வந்து நிற்பவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம். ஆனால் அவர்களில் பலர் மற்ற வழிகளையெல்லாம் முயன்றுபார்த்து, ஒன்றும் நடக்காமல், கடைசியாக அங்கே வந்தவர்கள்.

கவுண்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, இரண்டாம் நாள் இரவே பார்த்தேன். மருத்துவமனையிலிருந்து திரும்பும் நேரம். அந்த நிலையத்தின் கவுண்டர் இரவு 8 மணிக்கே மூடிவிடுகிறது. சாலைக்கு எங்கள் பக்கம் இருந்த படிக்கட்டு வழியாக ஏறினோம். உங்கள் நிலையங்களின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், இதில்தான் விஷயமே இருக்கிறது. தண்டவாளங்கள் நடுவில், நடைமேடைகள் இரண்டு ஓரத்திலும். சாலையின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் தனித்தனிப் படிக்கட்டு, தனித்தனி நுழைவுக் கேட். மேலே போனபிறகு ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்கு மாற வழி இல்லை. கீழே படிக்கட்டின் வாயிலில் நிலையத்தின் பெயரும் உங்கள் சின்னமும் மட்டும்தான் இருந்தன. அந்தப் படிக்கட்டு எந்தத் திசைக்கான ரயிலுக்குப் போகிறது என்று ஒரு எழுத்து கூட இல்லை. மேலே போய், கேட்டைக் கடந்து, நடைமேடையில் தொங்கிய பலகையைப் பார்த்தால் அதில் கடைசி நிலையத்தின் பெயர் மட்டும் இருந்தது. இரண்டு நாள் முன்பு வந்திறங்கியவர்களுக்கு அந்தப் பெயர் கிழக்கா மேற்கா என்று எப்படித் தெரியும்? ரயில் வந்தது, கிட்டத்தட்ட ஏறப்போனோம், பக்கத்தில் நின்ற ஒரு மாணவி, நாங்கள் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

62 படிகள். இறங்கும்போது எண்ணினேன். அந்தப் பக்கத்தில் லிஃப்ட் இல்லை, நகரும் படிக்கட்டு மேலே ஏறுவதற்கு மட்டும்தான். அம்மாவுக்கு 71 வயது, வலது முழங்கால் தேய்ந்துபோனது. ஏறுவதைவிட இறங்குவதுதான் அந்த முழங்காலுக்கு வேதனை. நடுவில் இரண்டு இடத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கேட் எங்கள் டிக்கெட்டை விழுங்கிக்கொண்டு வெளியே விட்டது. சாலையைக் கடந்து, அந்தப் பக்கக் கேட்டில் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும், மறுபடி அதே இயந்திரம், மறுபடி அதே பணத்தாள். 40 நிமிடம் போனது. அறைக்கு வந்தபிறகு அம்மாவால் காலை மடக்க முடியவில்லை, மறுநாள் கட்டிலை விட்டு எழவும் முடியவில்லை. அது அறுவை சிகிச்சைக்கு அடுத்த நாள். அக்கா மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி "அம்மா எங்கே?" நான் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தேன். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த மடலை எழுதியிருப்பேன்.

தரையில் ஓடும் ரயிலில் தவறான பக்கம் போய்விட்டால் பெரும்பாலும் ஒரு நடைமேம்பாலம் ஏறி இறங்கினால் போதும். தூண்களின் மேல் ஓடும் ரயிலில் அதே தவறுக்கு இரண்டு மாடி இறங்கி, வாகனங்கள் போகும் சாலையைக் கடந்து, மறுபடி இரண்டு மாடி ஏற வேண்டும். அதனால் பயணி தவறு செய்வதற்கு முன்பே, தரையிலேயே, அவரைத் தடுத்துச் சரியான பக்கம் அனுப்ப ஒரு பலகையோ ஆளோ இருந்தாக வேண்டும். நியூயார்க் நகரத்திலும் இதே அமைப்பில் பழைய நிலையங்கள் நிறைய உண்டு. அங்கே பல இடங்களில், தெருவில் படிக்கட்டு தொடங்கும் இடத்திலேயே இந்த வழி எந்தத் திசை ரயிலுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு தகரப் பலகை, அதில் இரண்டு வார்த்தை. இதற்குப் பெரிய திட்டமோ கடனோ தேவையில்லை.

ரயில் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் சன்னலோரம் இடம் கிடைத்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாக அக்காவை நினைத்து இறுகிப்போயிருந்த முகம். ரயில் தூண்களின் மேல் ஏறி, மரங்களின் தலைக்கு மேலே, மூன்றாவது மாடிச் சன்னல்களுக்கு நேராக ஓடத் தொடங்கியதும் அது மெல்லத் தளர்ந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்கள், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். சுரங்கத்தில் ஓடும் ரயில் இதைத் தராது. முன்பின் தெரியாத ஒரு நகரம் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் பழகிப்போனது உங்கள் ரயிலால்தான்.

அது மட்டுமில்லை, அந்தச் சன்னல்தான் அம்மாவின் வரைபடம். அம்மாவுக்கு உங்கள் ஊர் எழுத்தும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பலகையைப் படிக்க முடியாது, அறிவிப்பும் புரியாது. சக்கரச் சத்தத்தில் அந்த அறிவிப்பு எனக்கே பாதிதான் கேட்டது, அதுவும் கதவு திறக்கிற நேரத்தில்தான் வந்தது. அதனால் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். மஞ்சள் கோடு போட்ட தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டி மாடி முழுக்கச் செடி வைத்த வீடு, அப்புறம் ஓடாத கடிகாரம் வைத்த கட்டடம். கடிகாரம் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். நாலாம் நாளிலிருந்து நான் சொல்லாமலே சரியாக எழுந்தார்.

ஐந்தாம் நாள் மாலை வந்த ரயிலில் சன்னல் கண்ணாடிகளின் மேலும் சேர்த்து முழுப் பெட்டிக்கும் விளம்பரப் படலம் ஒட்டியிருந்தது. அந்தப் படலத்தில் பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கும், உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே தெரியும் என்று ஒட்டுகிறவர்கள் சொல்வார்கள். நல்ல பகலில் மங்கலாகத் தெரியும், உண்மைதான். இருட்டத் தொடங்கி உள்ளே விளக்கு எரிந்தால் ஒன்றும் தெரியாது, மழைத்துளி அந்த ஓட்டைகளில் நின்றுவிட்டால் பகலிலும் தெரியாது. அன்றைக்கு இருட்டும் இருந்தது, மழையும் இருந்தது. கூட்டத்தில் நான் அம்மாவிடமிருந்து நாலு ஆள் தள்ளி நின்றேன். தொட்டி தெரியவில்லை, செடி வீடு தெரியவில்லை, கடிகாரமும் தெரியவில்லை. அம்மா நிறுத்தங்களை எண்ணியிருக்கிறார், எங்கோ ஒன்று கூடிப்போயிருக்கிறது. ஒரு நிலையத்தில் கதவு திறந்ததும் இறங்கிவிட்டார். உங்கள் நிலையங்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன, அதே கூரை, அதே தூண், அதே சாம்பல் நிறம், பெயர்ப் பலகையைவிட விளம்பரப் பலகை பெரிது. நான் கத்திக்கொண்டே கதவை நோக்கிப் போவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்த படலத்தால் அம்மா எங்கே நிற்கிறார் என்று கூட என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கி, கேட்டுக்கு வெளியே போய், சாலையைக் கடந்து, மறுபடி டிக்கெட் எடுத்து, எதிர்த்திசை ரயில் பிடித்து வந்து, இறங்கிய பக்கத்திலிருந்து அம்மா நின்ற பக்கத்துக்குப் போக மறுபடி கீழே இறங்கி ஏறி, அவரைக் கண்டுபிடிக்க 25 நிமிடத்துக்கு மேல் ஆனது. மழைச் சாரல் அடிக்கிற திறந்த நடைமேடையில், இறங்கின அதே இடத்தில், ஒரு அடி நகராமல் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தத் துண்டுத் தாள், நனைந்து கிழிந்துபோய். "அந்தப் பொண்ணு நகரக் கூடாதுன்னு சொல்லிச்சுல்ல" என்றார்.

அந்தப் பெண் உட்காரும் கவுண்டரைத்தான் நீங்கள் மூடப்போகிறீர்கள். மறுநாள் காலை நடந்ததைச் சொன்னபோது அவர் அம்மாவின் கையைக் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாகப் பிடித்துக்கொண்டார், புதிதாக இன்னொரு தாள் எழுதத் தொடங்கினார். அன்றைக்குத்தான் உங்கள் அறிவிப்பு அந்தக் கண்ணாடியில் ஏறியிருந்தது.

மற்ற நகரங்களும் மூடியிருக்கின்றன என்று நீங்கள் பதில் சொல்லலாம். லண்டன் சுரங்க ரயிலில் 2015-இல் டிக்கெட் அலுவலகங்களை மூடினார்கள், உண்மை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே எந்த நாட்டவரும், செருகாமல் காட்டினாலே பணம் கழியும் வங்கி அட்டையைக் கேட்டில் காட்டிவிட்டு நேராக உள்ளே போகிற ஏற்பாடு அங்கே வந்துவிட்டது. உள்நாட்டு எண் வேண்டாம், செயலி வேண்டாம், நிலையத்தின் பெயரைத் தேடி அழுத்தவும் வேண்டாம். ஊழியர்களைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பயணிகள் நிற்கிற கூடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்லித்தான் மூடினார்கள். அப்படியிருந்தும் உதவிக்கு ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற குறை எழாமல் இல்லை. நீங்கள் அட்டை ஏற்பாட்டையும் செய்யாமல், ஊழியரைக் கூடத்துக்கும் கொண்டுவராமல், மூடுவதை மட்டும் செய்கிறீர்கள். இன்னொன்றும் பாருங்கள். 2023-இல் இங்கிலாந்தின் ரயில் நிலையங்களில் நூற்றுக்கணக்கான டிக்கெட் அலுவலகங்களை மூடும் திட்டம் வந்தது. மக்களிடம் கருத்து கேட்டார்கள், சுமார் 7.5 லட்சம் பதில்கள் குவிந்தன, அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். அங்கேயும் பெரும்பாலானோர் கவுண்டரில் டிக்கெட் எடுப்பதில்லை. இருந்தும் எதிர்த்தார்கள். நீங்கள் யாரிடம் கருத்து கேட்டீர்கள்? உங்கள் செயலியில் ஒரு கருத்துப் பெட்டி வைத்திருக்கிறீர்களாம். செயலிக்குள் நுழையவே முடியாதவர் அதில் எப்படி எழுதுவார்?

உங்கள் மாதிரி ரயில்களின் வரலாற்றில் வெளியூர்க்காரருக்கு ஓர் இடம் இருக்கிறது. சிகாகோவில் 1892-இல் திறந்த உயர்மட்டப் பாதையை அடுத்த ஆண்டே உலகக் கண்காட்சி நடந்த பூங்கா வரைக்கும் நீட்டினார்கள், வந்து குவிகிற பார்வையாளர்களுக்காக. சியாட்டிலின் மோனோரயில் 1962 உலகக் கண்காட்சிக்காகவே கட்டப்பட்டது. வான்கூவரின் ஓட்டுநர் இல்லாத உயர்மட்ட ரயிலான ஸ்கைட்ரெயின் 1986 கண்காட்சியை ஒட்டித்தான் ஓடத் தொடங்கியது. நகரம் தெரியாத ஒருவரைத் தெருக்களின் சிக்கலுக்கு மேலே தூக்கி, வழியைக் காட்டிக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த ரயிலுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரிந்த வேலை.

எழுத்து தெரியாதவருக்கு வழி சொல்வது முடியாத காரியமும் இல்லை. மெக்சிகோ நகர மெட்ரோவில் 1969-இல் முதல் பாதை திறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படச் சின்னம் உண்டு. வெட்டுக்கிளி ஒன்றுக்கு, மணி ஒன்றுக்கு என்று. படிக்கத் தெரியாதவரும் தன் நிலையத்தைச் சின்னம் பார்த்து இறங்கலாம். டோக்கியோவில் 2004-இலிருந்து சுரங்க ரயில் நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்தார்கள், ஜப்பானிய எழுத்து தெரியாதவர் எண்ணைப் பார்த்துப் போகலாம், நம் நிலையம் வர இன்னும் எத்தனை என்று கழித்துக்கொண்டே வரலாம். என் அம்மாவுக்கு எண் தெரியும். அந்த ஊழியர் தாளில் 7 என்று எழுதி வட்டமிட்டபோது, உங்கள் நிர்வாகம் எல்லாப் பலகையிலும் செய்திருக்க வேண்டியதை ஒரு தனி ஆளாக ஒரு பேனாவால் செய்துகொடுத்தார்.

இனி நான் கேட்பவை.

கவுண்டர்களை மூடும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். எல்லா நிலையத்திலும் முடியாது என்றால், மருத்துவமனை, நீதிமன்றம், பல்கலைக்கழகம், பேருந்து நிலையம், விமான நிலையம் இவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையங்களிலாவது முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரைக்கும் ஓர் ஆள் இருக்க வேண்டும். இரவு 8 மணிக்கு மூடினால் போதாது, மருத்துவமனையிலிருந்து ஆட்கள் திரும்புவதே அதற்குப் பிறகுதான். எப்போதாவது மூடத்தான் போகிறீர்கள் என்றால், வெளிநாட்டு வங்கி அட்டையைக் கேட்டிலேயே ஏற்கும் வசதியும், உள்நாட்டு எண் இல்லாமல் இயங்கும் செயலியும், மடிப்பு விழுந்த பணத்தாளை வாங்கும் இயந்திரமும் வந்து நன்றாக இயங்குகின்றன என்று உறுதியான பிறகு செய்யுங்கள். அப்போதும் ஊழியரை வீட்டுக்கு அனுப்பாமல் சீருடையோடு தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு முன்னால் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு படிக்கட்டும் தொடங்கும் இடத்தில், தெருவிலேயே, அது எந்தத் திசை ரயிலுக்கு என்று பலகை வையுங்கள். கடைசி நிலையத்தின் பெயரை மட்டும் போடாமல் வழியிலுள்ள முக்கியமான நாலைந்து இடங்களையும் போடுங்கள், மருத்துவமனை இருந்தால் சிலுவைக் குறியோடு. லிஃப்ட் எந்தப் பக்கம் என்பதும் அதே பலகையில் இருக்கட்டும். தவறான பக்கம் ஏறிவிட்டவர் அரை மணி நேரத்துக்குள் எதிர்ப்பக்கம் வந்தால் இரண்டாவது டிக்கெட் கேட்காமல் உள்ளே விடுங்கள். இரண்டு பக்கமும் லிஃப்ட் வேண்டும், அதற்கு நாளாகும் என்பது எனக்குப் புரிகிறது, எந்த நிலையத்தில் எப்போது என்று தேதியோடு வெளியிடுங்கள்.

சன்னல் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் விளம்பரப் படலத்தை எடுத்துவிடுங்கள். பெட்டியின் உடம்பு முழுக்க ஒட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடியை மட்டும் விடுங்கள். நிலையங்களுக்கு எண் கொடுங்கள், பலகையிலும் வரைபடத்திலும் ரயிலுக்குள் கதவுக்கு மேலேயும் அந்த எண் இருக்கட்டும். அடுத்த நிலையத்தின் அறிவிப்பைக் கதவு திறக்கும்போது சொல்லாமல், கிளம்பின உடனே ஒரு தடவை, வந்து சேர்வதற்கு முன் ஒரு தடவை சொல்லுங்கள்.

முதல் தேதிக்குள் நிலையங்களிலேயே நேரில் மக்களிடம் கருத்து கேளுங்கள், கவுண்டர் வரிசையில் நிற்பவர்களிடம் முதலில் கேளுங்கள், கேட்டதையும் உங்கள் பதிலையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். அக்காவுக்கு மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதனை இருக்கிறது. நாங்கள் மறுபடி வருவோம், உங்கள் ரயிலில்தான் போவோம், அம்மா அந்தக் கவுண்டருக்குத்தான் முதலில் போய் நிற்பார். அதற்கு முன்னால் அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
9 நாள் உங்கள் ரயிலில் போய் வந்த ஒரு பயணி